நீ முதலில் பஸ் ஏறினாய்

அம்மா,

பரணில் கிடந்த உன் பித்தளைத் தூக்குவாளியை இன்று காலையில் உன் பேரன் பெண்டாட்டி கீழே இறக்கிவிட்டாள். வேறு எதையோ தேடி ஏணி போட்டு ஏறியவள், பழைய துணி மூட்டைக்குப் பின்னால் இதைப் பார்த்திருக்கிறாள். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "அத்தே, இதுல இன்னும் வெல்லப்பாகு வாசம் அடிக்குது" என்றாள். அதெப்படி அடிக்கும்? எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்திருப்பேன். அப்படிச் சொல்லிக்கொண்டே வாங்கி மூக்கருகில் கொண்டுபோனேன். அடித்தது. சுக்கும் ஏலக்காயும் சேர்ந்த அதே வாசம். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

அவளும் என் மகனும் கனடாவுக்குப் போகிறார்கள். அங்கே வேலை, அங்கேயே வீடு. போகிற வழியில் மதுரையில், இந்த ஆனையூர் வீட்டில் இரண்டு நாள் தங்கல். கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் பெட்டிகள் கிடக்கின்றன. "மத்தியானம் ஏர்போர்ட்டுக்கு நீங்களும் வாரீக, அத்தே. அவனியாபுரம் தாண்டுனா வந்துரும். நீங்க திரும்பி வாரதுக்கும் வண்டி சொல்லியாச்சு" என்று மருமகள் கணக்காகச் சொல்லிவிட்டாள். பார்ப்போம் என்று மழுப்பிவிட்டு உள்ளறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மாப்பிள்ளை கண்ணை மூடிய பிறகு, யார் பயணம் கிளம்பினாலும் நான் வாசலுக்கு வருவதில்லை. வந்தால் என்ன ஆகிவிடும் என்று யாராவது கேட்டால், ஒன்றும் ஆகாது, எல்லாம் மனுஷர்கள் கட்டிவிட்ட கதை என்று நானே முதல் ஆளாக வாதாடுவேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் அப்படிச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். ஆனால் பெற்ற பிள்ளை கிளம்புகிறான் என்னும்போது அந்த வாயெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இன்று மத்தியானம் நான் எங்கே நிற்பது? அதை உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

நானும் இப்படித்தான் மதுரையில் தங்கினேன். எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி வருடம் திரும்பவில்லை. உன் மாப்பிள்ளைக்கு நைஜீரியாவில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை கிடைத்தது. நம் எழுமலைப் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் பெண் நான்தான் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ரயில் வியாழக்கிழமை சாயங்காலம். ஜோசியரோ புதன்கிழமை காலையை விட்டால் அந்த மாதத்தில் நல்ல நேரமே கிடையாது என்று ஒற்றைக்காலில் நின்றார். அதனால் புதன்கிழமையே வீட்டை விட்டு இறங்கிவிடுவது, மதுரையில் ஒரு லாட்ஜில் தங்கி மறுநாள் ரயிலேறுவது என்று மாமனார் முடிவு செய்தார். ஒரே ஒரு நிபந்தனை. இறங்கியது இறங்கியதுதான். என்ன மறந்து வைத்திருந்தாலும் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது.

அன்று விடியுமுன்பே நீ என் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டாய். அடுப்படியில் உட்கார்ந்து சட்னி அரைத்தாய். வழிக்குக் கட்டிக்கொடுக்க இட்லிக்குப் பொடி தடவினாய். என் ஜாக்கெட்டில் பிரிந்திருந்த தையலைக்கூடக் கண்டுபிடித்து, என்னை நிற்க வைத்துத் தைத்துவிட்டாய். நேரம் நெருங்கியதும் காணாமல் போனாய். வாசலில் மஞ்சள் பூசிய முகத்தோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். நான் அந்த முகங்களுக்குள் உன்னைத் தேடினேன். அப்பா போய் அதிக நாள் ஆகியிருக்கவில்லை. நீ பின்னால் மாட்டுக்கொட்டத்தில் போய் நின்றுகொண்டாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தேடினேன். படி இறங்கியபின் கழுத்து தானாகப் பின்னால் போனது. "திரும்பாம நட, தாயி. கெளம்புன ஆளு பின்னால பாக்கக் கூடாது" என்று மாமியார் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். உன் முகத்தைப் பார்க்காமலே ஊரை விட்டு வந்தேன். உசிலம்பட்டி வரைக்கும் அழுதேன். அதற்குப் பிறகு அழ வெட்கமாகிவிட்டது, பஸ்ஸில் கூட்டம் ஏறிவிட்டது.

லாட்ஜ் டவுன்ஹால் ரோட்டில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பாத்திரக்கடைச் சத்தம். கட்டிலில் கால் நீட்டிப் படுத்தபடி உன் மாப்பிள்ளை என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நைஜீரியா எழுமலையைவிடச் சின்ன ஊர்தான், இரண்டு தெரு, ஒரு டீக்கடை என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே எழுந்து உட்கார்ந்தார்.

"வா, பஸ் ஏறுவோம். ரெண்டு மணி நேரந்தான? ஒங்கம்மா மொகத்தப் பாத்துட்டுப் பொழுது சாயத் திரும்பிருவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"நான் வரல. கெளம்புன வீட்டுக்குத் திரும்பப் போனா போற காரியம் வெளங்காது."

"நான் சயின்ஸ் வாத்தியாரு. என்கிட்டயே சொல்றியா?"

"ஒங்களுக்கு சயின்ஸு. எனக்கு எங்கம்மா."

உண்மையைச் சொன்னால், நான் பயந்தது சாமிக்கல்ல. திரும்பி வந்து நின்றால் நீயே கதவைத் திறக்க மாட்டாய், அதற்குத்தான் பயந்தேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு சவரம் செய்ய பிளேடு வாங்கி வருகிறேன் என்று போனார். போனவர் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். பிளேடு எங்கே என்றால், கடை பூட்டியிருக்கிறது என்றார். டவுன்ஹால் ரோட்டில் பட்டப்பகலில் கடை பூட்டியிருந்ததாம். ஊர் விட்டுப் போகிற நேரத்தில் என்னைத் தனியாக விட்டு ஊர் சுற்றிவிட்டு வந்தார் என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது லாட்ஜ்காரர் கதவைத் தட்டினார். "ஒங்க ஊருலருந்து ஒரு அம்மா வந்துருக்காங்க. உள்ள கூப்புட்டா வரமாட்டேங்குறாங்க." நான் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். எதிர்த்தாற்போலிருந்த பாத்திரக்கடை ஓரத்தில், இந்தத் தூக்குவாளியை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். வேப்பெண்ணெய்க் கலர்ச் சேலை. காலெல்லாம் புழுதி. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாய்.

"ஏம்மா வந்த?" என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அதைவிட மட்டமான கேள்வியை ஒரு மகள் கேட்டிருக்க மாட்டாள்.

நீ அசரவில்லை. "பொறப்பாடு நேத்தே ஊருல முடிஞ்சுபோச்சுல்ல? இது வழிதான. வழியில போறப்ப எதுக்க ஆயிரம் பேரு வருவாக. அம்புட்டுப் பேரையும் தாலி இருக்கா இல்லையான்னு பாத்துக்கிட்டா போவாக? நான் அதுல ஒருத்தி" என்றாய். பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தாய் போல, ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எந்த ஜோசியராலும் அதில் ஓட்டை கண்டுபிடித்திருக்க முடியாது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பிளேடு வாங்கப் போன மனுஷன் நேரே பஸ் நிலையத்துக்குப் போய், எழுமலை பஸ் கண்டக்டரைத் தேடிப் பிடித்து, லாட்ஜ் அடையாளம் சொல்லி உனக்குச் சேதி அனுப்பியிருக்கிறார். கண்டக்டர் அண்ணன் சேதியைச் சேர்த்ததோடு நில்லாமல், காலையில் உன்னைக் கையோடு கூட்டிவந்து லாட்ஜ் தெருமுனை வரை விட்டுவிட்டும் போயிருக்கிறார். "பிளேடு கெடச்சுச்சா?" என்று உன் மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

அந்த ஒரு பகல்தான் அம்மா, நமக்கென்று இருந்தது. லாட்ஜ் அறைக்குள் வந்த நீ கட்டிலில் உட்கார மாட்டேன் என்றாய். யார் யார் படுத்ததோ என்று முகத்தைச் சுளித்தாய். தரையைக் கையால் கூட்டிவிட்டு உட்கார்ந்து, என்னை முன்னால் இழுத்துத் தலைவாரத் தொடங்கினாய். பின்னி முடித்த பிறகும் விடவில்லை. பிரித்துவிட்டு மறுபடி பின்னினாய். 

மத்தியானம் ஓட்டலுக்குக் கூட்டிப்போனோம். காசு கொடுத்துச் சோறு தின்றது உனக்கு அதுதான் முதல் தடவை. சாம்பார் ஊற்ற வந்தவரிடம், "போதுமப்பா, நீங்க சாப்ட்டீகளா?" என்று கேட்டாய். அந்த மனிதர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். உன் மாப்பிள்ளை சந்தர்ப்பத்தை விடவில்லை. "அத்தே, பேசாம நீங்களும் நைஜீரியா வந்துருங்க. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே வீடு" என்றார். "நான் வந்துட்டா மாட்ட யாரு பாப்பா?" என்று நீ நிஜமாகவே யோசித்துக் கேட்டாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்ஙன வெயிலு நம்மூரு மாதிரியா மாப்ள?" என்றாய். நம்மூரைவிட அதிகம் என்றார். உனக்கு அதில் அப்படி ஒரு நிம்மதி. குளிர்நாடாக இருக்குமோ என்று பயந்திருக்கிறாய். உனக்குத் தெரிந்த ஒரு விஷயமாவது நான் போகிற இடத்தில் இருக்கிறதே என்று நினைத்தாயோ என்னவோ.

கோயிலுக்குப் போகிற வழியில் பூ வாங்கினாய். வாங்கி என் தலையில் வைப்பாய் என்று திரும்பி நின்றேன். நீ பூவை உன் மாப்பிள்ளையிடம் நீட்டினாய். "நீங்களே வச்சு விடுங்க, மாப்ள." அவருக்கு எங்கே வைப்பது, எப்படிக் குத்துவது என்று தெரியவில்லை. நடுத்தெருவில் என் பின்னலோடு மல்லுக்கட்டினார். பூக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். நீயும் சிரித்தாய். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்பா இருந்தவரை, தினமும் சாயங்காலம் உன் கையாலேயே கட்டிய பூவை நீதானே எனக்கு வைத்துவிடுவாய்.

பொற்றாமரைக் குளத்துப் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் நீ சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாய். யாராவது பரிமாறுவார்கள் என்று காத்திருக்காதே, நீயே போட்டுத் தின்னு என்றாய். மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் சாப்பிடாமல் மட்டும் படுக்காதே என்றாய். கடைசியாகக் குளத்தைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணுன்னு சேதி வந்தா அடிச்சுப் புடிச்சு ஓடியாராத. தம்பி இருக்கான், அவன் பாத்துக்கிருவான்" என்றாய். நான் கோபப்பட்டு எழுந்துவிட்டேன். நல்ல நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன்.

ரயிலுக்கு நேரம் நெருங்க நெருங்க நான் உன் முந்தானையை விடவில்லை. மாட்டுக்கொட்டத்தில் போய் நின்றுகொண்ட மாதிரி ரயிலடியிலும் ஏதாவது தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாயே என்று பயம். நீ அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாய்.

"என்னைய முதல்ல பஸ் ஏத்தி விடுங்க" என்றாய். "போறது நான். அனுப்பி வைக்கிறது நீங்க ரெண்டு பேரும். அப்ப நான் ஒங்கள வழியனுப்புனதா ஆகாதுல்ல? ஒரு தோசமும் இல்ல."

உன் மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். "அத்தே, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார்.

பஸ் நிலையம் ரயிலடிக்குப் பக்கத்தில்தான். அதே பஸ், அதே கண்டக்டர் அண்ணன். நீ ஏறி உட்கார்ந்தாய். நாங்கள் நின்ற பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தும் எதிர்ப்பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். நான் பஸ்ஸுக்குள் ஏறி உன்னருகில் வந்தேன். தூக்குவாளியை என்னிடம் கொடுத்தாய். "உள்ள வெல்லப்பாகுல புடிச்ச பொருவிளங்கா உருண்ட இருக்கு, மாசக் கணக்குல கெடாது. தூக்குவாளிய மட்டும் திரும்பி வரும்போது மறக்காமக் கொண்டாந்துரு" என்றாய். பஸ் உறுமியது. நான் இறங்கினேன். "போயிட்டு வாரேன்" என்று நீ சொன்னாய். "போயிட்டு வாம்மா" என்று நான் சொன்னேன்.

பஸ் நகர்ந்தது. நீ திரும்பிப் பார்ப்பாய் என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பின்பக்கக் கண்ணாடி வழியாக உன் தலை தெரிந்தது. அது அசையவே இல்லை. பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் என் கை மேலேதான் இருந்தது. உன் மாப்பிள்ளைதான் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

அந்த உருண்டை கல்லுக்குச் சமம். ரயில் ஜன்னல் கம்பியில் தட்டி உடைத்துத் தின்றோம். எனக்கு உன்மேல் ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன குறைந்துபோகும்? கடல் தாண்டியும் அந்த ஆத்திரம் தீரவில்லை. அங்கிருந்து கடிதம் எழுதும்போதெல்லாம் கேட்க நினைப்பேன். நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

இரண்டாம் வருடம் தந்தி வந்தது. நைஜீரியாவில் நாங்கள் இருந்த ஊர்த் தபால் நிலையத்தில் சில நாள் கிடந்து, பள்ளிக்கூடத்துக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வருவதற்குள் உன் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. ஓடிவர வேண்டாம் என்று நீ சொன்னபடியே ஆகிவிட்டது. ஓடிவர வழியே இல்லாமல் போய்விட்டது. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, இந்தத் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு சேர்ந்து அழ அந்த ஊரில் உன்னை அறிந்தவர் உன் மாப்பிள்ளை ஒருவர்தான்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது எழுமலை பஸ்ஸில் அதே கண்டக்டர் அண்ணன் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கி ஒங்கம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா தங்கச்சி? முன் சீட்டுக் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிருச்சு. பஸ்ஸு கெளம்புது. 'தம்பி, நீ கொஞ்சம் பின்னால பாத்துச் சொல்லுய்யா, அவ நிக்கிறாளா?'ன்னுச்சு. நிக்குது ஆத்தான்னேன். 'அழுகுறாளா?'ன்னுச்சு. ஏன் ஆத்தா, நீயே திரும்பிப் பாக்க வேண்டியதுதானன்னேன். 'கெளம்புனவ பின்னால பாக்கக் கூடாதுய்யா. இப்பக் கெளம்புனது நாந்தான. நான் பாத்தா அது எம் புள்ளைக்கித்தான் ஆகாது'ன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?"

"சிரிச்சுக்கிட்டு நிக்குதுன்னேன்" என்றார். பிறகு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

என் முகத்தைப் பார்ப்பதற்காகக் கிளம்புகிறவளாக ஆனாய். கிளம்புகிறவள் ஆனதால் என்னைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிற உரிமையை இழந்தாய். அதைத் தெரிந்துகொண்டேதான் ஏறியிருக்கிறாய். நாங்கள் நின்ற பக்கத்து ஜன்னலை விட்டு எதிர்ப்பக்கம் போனதும் அதனால்தான். நான் அத்தனை வருடமும் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் கூப்பிடுகிறாள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது சாயங்காலம். தம்பி வீட்டில், எழுமலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், வந்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும், "என்னைய முதல்ல ஆரப்பாளையத்துல பஸ் ஏத்தி விடுங்க. நான் மாமா வீட்டுக்குப் போறேன். அப்புறம் நீங்க கெளம்புங்க" என்றேன். "நாங்க ஊருக்குப் போற அன்னைக்கா நீங்க ஊருக்குப் போவீங்க?" என்று மகன் சத்தம் போட்டான். மருமகள் அவனைக் கையமர்த்தினாள். என் முகத்தையே பார்த்தாள். என்ன புரிந்ததோ, "சரிங்க அத்தே" என்று மட்டும் சொன்னாள். முந்தாநாள் நான் பிடித்து வைத்திருந்த உருண்டைகளைத் தூக்குவாளியில் அடுக்கி அவளிடம் கொடுத்தேன். பெட்டியில் எடை கூடிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். வரும்போது மறக்காமல் கொண்டுவந்துவிடு என்றேன். இனி அது என்னிடம் இல்லை.

ஆரப்பாளையத்தில் இரண்டு பேரும் என்னை ஏற்றிவிட்டார்கள். நானும் அவர்கள் நிற்காத பக்கத்து ஜன்னலில்தான் உட்கார்ந்தேன். "போயிட்டு வாரேன்" என்றேன். பஸ் நகர்ந்ததும் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பார்த்துச் சொல்ல உனக்குக் கண்டக்டர் தம்பி இருந்தார். இன்றைக்கு இருந்தவர் சின்னப் பையன், டிக்கெட் மிஷினைத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றிருந்தான். அவனிடம் எப்படிக் கேட்பது? வளைவு வரைகூடத் தாங்க முடியவில்லை, அம்மா. திரும்பிவிட்டேன்.

அவள் தூக்குவாளியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவன் கையைத் தூக்கியபடியே நின்றான். முகம் கோணி, சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வரும்போது அழுவானே, அப்படி அழுதுகொண்டு நின்றான். அன்றைக்கு நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். கண்டக்டர் அண்ணன் உன்னிடம் சொன்னது பொய். நான் சிரிக்கவில்லை, அம்மா.

இந்நேரம் அவர்கள் விமானம் கிளம்பியிருக்கும். உன் அளவுக்கு எனக்குத் திடம் கிடையாது. கிளம்பியவள் பின்னால் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்துவிட்டேன். அதனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் வந்துவிடாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.